வேகம் இருக்கிறது, விளையாட முடியவில்லை: கொழும்பு வீட்டில் கொன்சோலை ஒன்லைனுக்குக் கொண்டுவருவது

100 எம்பிபிஎஸ் பைபர் லயன் எடுத்திருப்பார்கள். போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் எண் நன்றாகவே வரும். பிளேஸ்டேஷன் கொன்சோலில் பார்த்தால் ‘நாட் டைப் 3’. ஆடிக்கொண்டே கதைக்கும் ‘பார்ட்டி’க்குள் நண்பன் வருகிறான், குரல் கேட்கவில்லை. லொபியில் காத்திருந்து ஆட்டம் தொடங்கும் நேரம் இணைப்பு அறுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான்: பெக்கேஜை 200க்கு ஏற்றுவார்கள், அல்லது பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் ஆறு அன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றை வாங்கி வருவார்கள். காசு போகும், டைப் 3 போகாது. சில வீடுகளில் புது ரவுட்டர் வந்த பிறகுதான் வில்லங்கமே தொடங்கும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஒன்லைன் விளையாட்டுக்கு வேகம் மிகக் கொஞ்சமே வேண்டும். ஒரு மணித்தியாலம் ஆடினால் பெரும்பாலான கேம்கள் 50 முதல் 150 எம்பி வரைதான் செலவழிக்கும். அதே நேரம் எச்டி வீடியோ பார்த்தால் அதைப்போல் பல மடங்கு போகும். கேமுக்கு வேண்டியவை வேறு. வெளியிலிருந்து வரும் தரவுத் துண்டு உங்கள் கொன்சோலைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். வழியில் வரிசையில் நின்று தாமதிக்கக் கூடாது, தொலையவும் கூடாது. இந்த மூன்றையும் ஸ்பீட் டெஸ்ட்டின் பெரிய எண் காட்டாது.

நாட் என்ன செய்கிறது

உங்கள் வீட்டுக்கு வெளியுலகில் ஒரே ஐபி முகவரிதான். உள்ளே போன், டிவி, லெப்டொப், கொன்சோல் என்று பத்துப் பதினைந்து சாதனங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் கேட்டில் நிற்கும் காவலாளியின் வேலையைத்தான் ரவுட்டர் செய்கிறது. உள்ளிருந்து யார் வெளியே போனார்கள், யாரைப் பார்க்கப் போனார்கள் என்று குறித்து வைக்கும். பதில் வந்தால் உரிய வீட்டுக்கு அனுப்பும். யாரும் அழைக்காத ஆள் வந்தால் கேட்டிலேயே திருப்பிவிடும். இந்தக் குறிப்புப் புத்தகம்தான் நாட்.

இணையப் பக்கம் பார்ப்பதற்கு இது போதும், ஏனென்றால் பேச்சைத் தொடங்குவது எப்போதும் நீங்கள்தான். விளையாட்டில், குறிப்பாகப் பார்ட்டியில் கதைக்கும்போதும் ஒருவர் அறை திறந்து மற்றவர்கள் நுழையும் கேம்களிலும், நண்பனின் கொன்சோல் நேராக உங்கள் கொன்சோலுக்குத் தரவு அனுப்ப வேண்டும். அதற்காகக் கொன்சோல் முதலில் கம்பனியின் சேர்வரிடம், “நான் வெளியே எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் தெரிகிறேன்?” என்று கேட்கிறது. போர்ட் என்பது ஒரே முகவரிக்குள் இருக்கும் கதவிலக்கம் போன்ற எண். பிளேஸ்டேஷனுக்குத் திறக்கச் சொல்லும் போர்ட் பட்டியலில் வரும் 3478 இந்தக் கேள்விக்கானதுதான். ஸ்டன் என்ற நெறிமுறையின் வழக்கமான எண் அது. சேர்வர் சொன்ன முகவரியும் போர்ட்டும் நண்பனுக்குப் போகும், அவன் அங்கே அனுப்புவான். ரவுட்டர் எல்லோருக்கும் அதே போர்ட்டைக் காட்டினால் இது வேலை செய்யும். சில ரவுட்டர்கள் சேர்வருக்கு ஒரு போர்ட், நண்பனுக்கு வேறொரு போர்ட் என்று ஆளுக்கு ஒன்றாக ஒதுக்கும். அப்போது நண்பனின் தரவு தவறான போர்ட்டில் வந்து விழுந்து மறைந்துபோகும். பிளேஸ்டேஷன் காட்டும் டைப் 3 என்பதும் எக்ஸ்பொக்ஸ் காட்டும் ஸ்ட்ரிக்ட் என்பதும் பெரும்பாலும் இந்த நிலைதான்.

பிளேஸ்டேஷனில் டைப் 1 என்றால் ரவுட்டரே இல்லாமல் நேரடி இணைப்பு, டைப் 2 என்றால் ரவுட்டர் வழியாக நல்ல நிலை, டைப் 3 என்றால் சிக்கல். வீட்டில் டைப் 2 வந்தால் போதும், டைப் 1 ஐத் துரத்த வேண்டியதில்லை. எக்ஸ்பொக்ஸில் ஓபன், மொடரேட், ஸ்ட்ரிக்ட். ஓபன் எல்லோருடனும் சேரும். மொடரேட் ஓபனுடனும் மொடரேட்டுடனும் சேரும். ஸ்ட்ரிக்ட் ஓபனுடன் மட்டுமே சேரும். இரண்டு நண்பர்களும் ஸ்ட்ரிக்ட் என்றால் இருவருக்கும் இணையம் நன்றாக இருந்தும் ஒரே அறையில் சேர முடியாது. நின்டெண்டோ ஸ்விட்ச் ஏ, பி, சி, டி, எஃப் என்று எழுத்தில் காட்டும்; ஏ அல்லது பி வேண்டும்.

பார்ப்பது எங்கே? பிஎஸ்5 இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ், டெஸ்ட் இன்டர்நெட் கனெக்‌ஷன். எக்ஸ்பொக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், நெட்வொர்க் செட்டிங்ஸ், டெஸ்ட் நாட் டைப். ஸ்விட்ச்சில் சிஸ்டம் செட்டிங்ஸ், இன்டர்நெட், டெஸ்ட் கனெக்‌ஷன்.

எதையும் மாற்றமுன் ஒரு வரியைப் பாருங்கள்

போர்ட் திறக்கச் சொல்லும் வீடியோக்கள் நேராக எண்களில் தொடங்கிவிடுகின்றன. அது தலைகீழ் வேலை. முதலில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து ‘வான் ஐபி’ என்ற வரியை, அதாவது ரவுட்டருக்கு வெளிப்பக்கத்தில் கிடைத்த முகவரியை, பார்க்க வேண்டும். மற்ற எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்ததுதான்.

ரவுட்டரின் முகவரி 192.168.1.1 ஆக இருக்கலாம், 192.168.0.1 ஆக இருக்கலாம். பல 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1. போனின் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ என்று போட்டிருக்கும் எண்தான் அது. யூசர் நேமும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி தெரியும். அதே நேரம் வைஃபையில் இருக்கும் போனில் ‘வட் இஸ் மை ஐபி’ என்று தேடி, வெளியுலகம் காணும் எண்ணையும் எடுங்கள். போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும், இல்லாவிட்டால் வேறு லயனின் எண் வரும்.

இரண்டும் ஒன்றே என்றால் உங்களிடம் பப்ளிக் ஐபி, அதாவது வெளியுலகம் நேராக எட்டக்கூடிய முகவரி, இருக்கிறது, வேலை சுலபம். வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரையான எண் என்றால் அது சிஜிநாட், அதாவது சேவை தருபவரே ஒரு பப்ளிக் ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார். இதற்கென்றே 2012 இல் அந்த எண்தொகுதி ஒதுக்கப்பட்டது. 10 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை இருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர்

பைபர் எடுக்கும்போது சுவரில் மாட்டிவிட்டுப் போகும் வெள்ளைப் பெட்டி, ஓஎன்டி, வெறும் மொடம் அல்ல. அதற்குள்ளேயே ரவுட்டரும் வைஃபையும் இருக்கின்றன. மேல்மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று புது ரவுட்டர் வாங்கி, ஓஎன்டியின் லான் போர்ட்டிலிருந்து (உள்பக்கத் துளை) அதன் வான் போர்ட்டுக்கு (வெளிப்பக்கத் துளை) கேபிள் போட்டதும் நாட் இரண்டு அடுக்கு ஆகிவிடுகிறது. புது ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் முன்னால் நிற்கும் ஓஎன்டிக்கு அது தெரியாது. எக்ஸ்பொக்ஸ் இதை ‘டபுள் நாட் டிடெக்டட்’ என்று நேராகவே சொல்லிவிடும். பிளேஸ்டேஷன் சொல்லாது, டைப் 3 என்று மட்டும் காட்டக்கூடும்.

இதற்கு மூன்று வழி. மிகச் சுலபமானது, புது ரவுட்டரை எக்சஸ் பொயின்ட் நிலைக்கு மாற்றுவது. அப்போது அது வைஃபை மட்டும் கொடுக்கும். முகவரி வழங்கும் வேலை ஓஎன்டியிடமே இருக்கும். அந்த நிலை இல்லாத பழைய ரவுட்டர் என்றால் முகவரி வழங்கும் வசதியான அதன் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் முகவரியை ஓஎன்டியுடன் மோதாத ஒன்றாக, உதாரணமாக 192.168.1.2 என்று மாற்றி, கேபிளை வான் போர்ட்டில் குத்தாமல் லான் போர்ட்டில் குத்த வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் அதிகம் பேர் தவற விடுகிறார்கள்.

இரண்டாவது, ஓஎன்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி எல்லா வேலையையும் புது ரவுட்டரிடம் கொடுப்பது. நல்ல ரவுட்டர் வாங்கியவர்களுக்கு இதுதான் சிறந்தது. ஆனால் லயனுக்குள் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர் நேமும் பாஸ்வேர்டும் கையில் வேண்டும். சேவை நிலையத்துக்கு அழைத்துக் கேட்க வேண்டியிருக்கும். பியோ டிவி போல அதே பெட்டி வழியாக டிவியோ தொலைபேசியோ ஓடினால், பிரிட்ஜ் செய்தபின் அவை நிற்காதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரவு ஏழு மணிக்கு அம்மாவின் நாடகம் நின்றால் வீட்டில் விளையாட்டும் நிற்கும்.

மூன்றாவது, ஓஎன்டியின் டிஎம்ஸெட் இடத்தில் புது ரவுட்டரின் முகவரியைப் போடுவது. இரண்டு அடுக்கு அப்படியே இருக்கும், ஆனால் முதல் அடுக்கு வருவதையெல்லாம் அப்படியே உள்ளே தள்ளிவிடும். பாஸ்வேர்ட் கிடைக்காத இடத்தில் இது போதும்.

சிஜிநாட் என்றால்

4ஜி வீட்டு ரவுட்டர்களில் இது சாதாரணம். இங்கே வீட்டு ரவுட்டரில் போர்ட் திறப்பதால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் பூட்டு இருப்பது உங்கள் வீட்டில் அல்ல. பப்ளிக் ஐபி தர முடியுமா, மாதக் கட்டணம் எவ்வளவு என்று சேவை நிலையத்திடம் கேளுங்கள். ‘ஸ்டேட்டிக் ஐபி’ என்று கேட்டால் வியாபாரப் பெக்கேஜின் விலையைச் சொல்லக்கூடும். மாறிக்கொண்டே இருக்கும் பப்ளிக் ஐபியே விளையாட்டுக்குப் போதும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். 4ஜியில் சில பெக்கேஜ்களுக்கு வேறு ஏபிஎன் (சிம் எந்த வழியாக இணையத்துக்குப் போவது என்ற அமைப்பு) போட்டால் பப்ளிக் ஐபி கிடைக்கலாம். அதையும் அவர்களிடமே கேட்க வேண்டும்.

லயனில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருந்தால் ரவுட்டரில் அதை இயக்கிப் பாருங்கள். எக்ஸ்பொக்ஸ் அதை நன்றாகப் பயன்படுத்தும். ஐபிவி6 இல்லாத இடத்தில் அது டெரிடோ என்ற சுரங்க வழியை அமைக்கிறது, அதற்கு யூடிபி 3544 வேண்டும் (யூடிபி, டிசிபி இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்); சிஜிநாட் உள்ள லயன்களில் தடுமாறுவது பல வேளை இதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும்: சிஜிநாட் இருந்தால் விளையாடவே முடியாது என்பது பிழை. கம்பனியின் சேர்வரில் ஓடும் பெரிய கேம்களில் எல்லோரும் சேர்வருடன்தான் பேசுகிறார்கள், ஒருவருடன் ஒருவர் நேராகப் பேசுவதில்லை. அவை டைப் 3 இலும் ஓடும். சண்டை கேம்கள், பழைய கார் பந்தயங்கள், நண்பன் அறை திறக்கும் கேம்கள், பார்ட்டிக் குரல் ஆகியவைதான் அடிபடும். நீங்கள் ஆடுவது முதல் வகை மட்டும் என்றால் பப்ளிக் ஐபிக்கு மாதாமாதம் காசு கட்டாதீர்கள்.

போர்ட்கள்

பப்ளிக் ஐபி உறுதியானபின் முதலில் யூபிஎன்பியை இயக்குங்கள். கொன்சோலே ரவுட்டரிடம் தனக்கு வேண்டிய போர்ட்டைக் கேட்டுத் திறந்துகொள்ளும் வசதி இது. இயக்கிவிட்டு ரவுட்டரையும் கொன்சோலையும் முழுதாக நிறுத்தி, முதலில் ரவுட்டரை, அது எழும்பியபின் கொன்சோலைப் போட்டுச் சோதியுங்கள். கொன்சோலை ரெஸ்ட் நிலையிலிருந்து எழுப்பினால் பழைய நாட் டைப்பையே காட்டிக்கொண்டிருக்கலாம். பல வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும். யூபிஎன்பியில் ஆபத்தும் உண்டு: வீட்டுக்குள் இருக்கும் எந்தச் சாதனமும் கேட்டால் திறக்கும். மலிவுச் சீசீடிவி ரெக்கோடர் ஒன்று இருக்கும் வீட்டில் நான் அதை நிறுத்திவிட்டுப் போர்ட்டைக் கையால் திறக்கவே சொல்வேன்.

கையால் திறக்க முதலில் கொன்சோலுக்கு நிலையான உள்முகவரி வேண்டும். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்று இருக்கும். அங்கே கொன்சோலின் மெக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்) போட்டு 192.168.1.50 போன்ற ஒன்றை ஒதுக்குங்கள். கவனம்: கொன்சோலுக்கு மெக் முகவரி இரண்டு, லானுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. வைஃபையில் இருக்கும்போது ரிசர்வ் செய்துவிட்டுப் பிறகு கேபிள் குத்தினால் கொன்சோல் வேறு முகவரி எடுத்துக்கொள்ளும். திறந்த போர்ட் ஆளில்லாத இடத்துக்குப் போகும். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பிறகு ‘போர்ட் போர்வர்டிங்’, சில ஓஎன்டிகளில் ‘வர்ச்சுவல் சேர்வர்’. பிளேஸ்டேஷனுக்கு டிசிபி 3478 முதல் 3480, யூடிபி 3478, 3479. சொனியின் பட்டியலில் 80, 443 ஆகியவையும் இருக்கின்றன. அவை வெளியே போவதற்கானவை, அவற்றைத் திறக்க வேண்டாம். திறந்தால் சில ரவுட்டர்களின் சொந்தப் பக்கமே திறக்காமல் போகும். எக்ஸ்பொக்ஸின் பட்டியல் இன்னும் நீளம், ஆனால் முக்கியமானது 3074, யூடிபியும் டிசிபியும். பிளேஸ்டேஷனில் கோல் ஒப் டியூட்டி ஆடுபவர்களும் யூடிபி 3074 ஐச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்விட்ச்சுக்கு நின்டெண்டோ கேட்பது யூடிபி 1024 முதல் 65535 வரை, அதாவது ஏறக்குறைய எல்லாம். அதனால் ஸ்விட்ச்சுடன் வேறொரு கொன்சோலும் இருக்கும் வீட்டில் அதைக் கையால் திறக்காமல் யூபிஎன்பியிலேயே விடுவது நல்லது. இல்லாவிட்டால் மற்றக் கொன்சோலின் போர்ட்டையும் அது விழுங்கிவிடும்.

அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இரண்டு எக்ஸ்பொக்ஸ் உள்ள வீட்டில் இரண்டும் 3074 ஐக் கேட்டால் முதலில் எழும்பியதற்கே அது கிடைக்கும். இரண்டாவதில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், ‘ஒல்டர்நேட் போர்ட் செலக்‌ஷன்’ போய் வேறு எண்ணைத் தேர்ந்து, அதை அந்தக் கொன்சோலின் முகவரிக்குத் திறந்துவிடுங்கள். சண்டை தீர்ந்தது.

கொன்சோலை டிஎம்ஸெட்டில் போடுவது கடைசி வழி. கொன்சோலில் ஓடுவது மூடிய மென்பொருள் என்பதால் கணினியைப் போடுவதை விட ஆபத்து குறைவு. ஆனால் முகவரி ரிசர்வ் செய்யாமல் போட்டால், என்றாவது ஒருநாள் அந்த முகவரி அப்பாவின் லெப்டொப்புக்குப் போய் அது முழு இணையத்துக்கும் திறந்து கிடக்கும்.

கேபிள், கேபிள், பிறகுதான் வைஃபை

நாட் சரியானபின் மிச்சமிருக்கும் தொல்லைகளில் பெரும்பகுதி வைஃபையால் வருவது. முடிந்தால் கேபிள் போடுங்கள். கெட்5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும். வீட்டுக்கு அதுவே தாராளம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: முழுச் செம்பா, அல்லது செம்பு பூசிய அலுமினியமா. கத்தியால் வயரின் முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம். அது வளைவில் முறியும், நீளத்தில் தடுமாறும். தட்டையான ரிபன் கேபிளும் வேண்டாம். கதவிடுக்கில் அழகாகப் போகும், உள்ளே வயர்கள் சரியாக முறுக்கப்பட்டிருக்காது.

முனையில் ஆர்ஜே45 பிளக் அடிக்கும்போது இரு பக்கமும் ஒரே நிற வரிசை: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். நீலம், மண்ணிறம் சோடிகளில் ஒரு வயர் பிடிக்காவிட்டாலும் இணைப்பு வரும், ஆனால் 1000 க்குப் பதிலாக 100 இல் நிற்கும். 100க்குச் செம்மஞ்சளும் பச்சையும் போதும், 1000க்கு நான்கு சோடியும் வேண்டும். 300 எம்பிபிஎஸ் லயனில் கொன்சோல் மட்டும் 94, 95 இல் நின்றால் முனையைத் திரும்ப அடியுங்கள், சேவை நிலையத்துக்கு அழைக்க வேண்டாம். கரண்ட் வயர் போகும் அதே கேசிங்கில் இதைத் திணிக்காமல் தனிக் கேசிங் போடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் கடல்பக்கம் ஜன்னல் உள்ள வீடுகளில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். நன்றாக ஓடிய லயன் விட்டு விட்டு அறுந்தால் முனையைக் கழற்றிப் பாருங்கள். தொடுமுனைகளில் பச்சை படிந்திருந்தால் வெட்டிப் புதிது அடிப்பதுதான் வழி.

பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பொக்ஸ் எல்லாவற்றிலும் லான் போர்ட் உண்டு. ஸ்விட்ச்சில் ஓலெட் மொடலின் டொக்கிலும் ஸ்விட்ச் 2 இன் டொக்கிலும்தான் உண்டு. முந்தியதற்கு யூஎஸ்பி லான் அடெப்டர் வாங்க வேண்டும்.

வாடகை வீட்டில் சுவரில் துளை போட விடமாட்டார்கள். அப்போது வைஃபையை வடிவாக அமைக்க வேண்டும். தொடர்மாடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலில் மூச்சுத் திணறும்; ஒன்றோடொன்று மோதாத செனல்கள் 1, 6, 11 என மூன்றுதான், அக்கம்பக்கத்து வைஃபையோ இருபது, முப்பது. கொன்சோலை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். முதல் வந்த தடித்த பிஎஸ்4 இல் 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது; ஸ்லிம்மிலும் புரோவிலும் உண்டு. ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்து வேறு வேறு பெயர் கொடுங்கள், கொன்சோல் தானாக 2.4க்குத் தாவாது. செனல் 36 முதல் 48 வரை ஒன்றைப் பிடித்து வையுங்கள். 52 முதல் 144 வரையுள்ளவற்றில் ரேடார் அலை பட்டால் ரவுட்டர் விதிப்படி இடம் மாற வேண்டும். ஆட்டத்தின் நடுவே இணைப்பு அறும். 5 கிகாஹெர்ட்ஸ் கொன்கிரீட் தட்டைக் கடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கொழும்பு வீடுகளின் 9 அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைக் கடக்கும், இரண்டைக் கடந்தபின் நம்ப முடியாது.

பவர்லைன் அடெப்டர் என்ற மாற்று வழியும் உண்டு, கரண்ட் வயர் வழியாகவே தரவு அனுப்புவது. மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ்மாடியும் மேல்மாடியும் வேறு பேஸில் இருந்தால் அது சரிவராது. எக்ஸ்டென்ஷன் கோடில் குத்தாமல் நேராகச் சுவர்ப் பிளக்கில் குத்த வேண்டும். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் மட்டும் வாங்குங்கள்.

பிங்: கடலின் தூரம்

கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்ப 10 மில்லிசெக்கன். இப்படிப் போய்த் திரும்பும் நேரம்தான் பிங். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீட்டர் அளவில். 27 மில்லிசெக்கனுக்குக் கீழே எந்தப் பெக்கேஜாலும் இறக்க முடியாது. நடைமுறையில் கேபிள் வளைந்தும் இடையில் பல கருவிகளைக் கடந்தும் போவதால் அதற்கு மேலேதான் வரும். சென்னை 700 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் தரவு எந்த வழியாகப் போகிறது என்பதைச் சேவை தருபவரின் ஏற்பாடுகள் தீர்மானிக்கின்றன. சிங்கப்பூர் போய்ச் சென்னைக்குத் திரும்பினால் பக்கத்துச் சேர்வரும் தூரமாகிவிடும்.

கடலடிக் கேபிள் பழுதும் சேர்ந்துகொள்ளும். கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4, மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5, கல்கிசையில் கரையேறும் பே ஒப் பெங்கோல் கேட்வே ஆகியவை நமது முக்கிய வழிகளில் சில. 2025 செப்டெம்பரில் செங்கடலில் ஜித்தாவுக்கு அருகே சீ-மீ-வீ 4 பழுதடைந்தபோது ஆசியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் இடையே தாமதம் கூடியது. அப்படியான வாரங்களில் ஐரோப்பிய சேர்வரில் பிங் ஏறினால் வீட்டு ரவுட்டரை நோண்டுவதில் பயனில்லை.

உங்கள் கையில் இருப்பது சேர்வரைத் தேர்வது. போர்ட்நைட்டில் கேமின் செட்டிங்ஸில் மெச்மேக்கிங் ரீஜனுக்குப் பக்கத்திலேயே பிங் எழுதியிருக்கும். ‘ஓட்டோ’ என்று விடாமல் நீங்களே பார்த்துத் தேருங்கள். மாலையிலும் நள்ளிரவிலும் ஒவ்வொரு முறை பாருங்கள், எண் மாறும். பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது வரும் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லாததால் நம்மவர்கள் வேறு நாடுகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கின் நாடு எந்தக் கிப்ட் கார்ட் செல்லும் என்பதைத் தீர்மானிக்கும். பிங்கை அது கூட்டவோ குறைக்கவோ செய்யாது. டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 ஆக மாற்றினால் பிங் குறையும் என்ற பேச்சும் அப்படித்தான். டிஎன்எஸ் பெயரை எண்ணாக மாற்றித் தருவதுடன் விலகிவிடுகிறது. ஆட்டம் தொடங்கியபின் அதற்கு வேலையே இல்லை.

காலையில் 50 ஆக இருக்கும் பிங் இரவு எட்டு மணிக்கு 300க்கு எகிறி, அரை நிமிடத்தில் இறங்குகிறது என்றால் அது அப்லோட் வரிசை. யாரோ ஒருவரின் போன், கல்யாண வீட்டுப் படங்களைக் கிளவுட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. அப்லோட் முழுதாக நிரம்பும்போது ரவுட்டர் தரவைத் தூக்கி எறியாமல் வரிசையில் அடுக்கி வைக்கிறது, உங்கள் சிறிய தரவுத் துண்டும் அதற்குப் பின்னால் நிற்கிறது. ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் வசதி இருந்தால் இயக்கி, அப்லோட் எல்லையை உண்மையில் கிடைக்கும் வேகத்தின் 85 முதல் 90 சதவீதமாகப் போடுங்கள். லயன் 20 கொடுத்தால் 17 அல்லது 18. கொஞ்ச வேகத்தை விட்டுக்கொடுத்து வரிசையை உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவருவதுதான் இதன் நுட்பம். புது ரவுட்டருக்குக் காசு செலவழிப்பதென்றால் அன்டெனாவை எண்ணாமல் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

டவுன்லோட் வேறு விவகாரம், அங்கே வேகம் உண்மையாகவே வேண்டும். 100 ஜிபி கேம் ஒன்று 25 எம்பிபிஎஸ் லயனில் ஏறக்குறைய 9 மணித்தியாலம் எடுக்கும், 100 இல் 2 மணித்தியாலம் 15 நிமிடம். பெக்கேஜில் இரவுக்கென்று தனி டேட்டா இருந்தால் ஓட்டோ அப்டேட்டை நிறுத்தி வைத்து, இரவு அளவு தொடங்கியபின் கையால் தொடக்கிவிட்டுத் தூங்குங்கள். பிஎஸ்5 இல் ரெஸ்ட் நிலையிலும் இறங்க வேண்டுமானால் பவர் சேவிங் பகுதியில் ‘ஸ்டே கனெக்டட் டு தி இன்டர்நெட்’ இயங்க வேண்டும். டிஸ்க் வாங்கினாலும் முதல் நாளே பல ஜிபி அப்டேட் கேட்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கரண்டும் இடியும்

2022 இல் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது கொழும்பில் பரவியது ரவுட்டருக்கான மினி யூபிஎஸ். இப்போதும் அது பயன்படும், ஏனென்றால் ஒரு நொடி கரண்ட் சிமிட்டினாலும் ஓஎன்டி திரும்ப எழும்ப இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். வாங்கமுன் அடெப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 அம்பியர், ஆனால் 9 வோல்ட் ரவுட்டரும் உண்டு. ஓஎன்டியும் ரவுட்டரும் இரண்டு பெட்டி என்றால் அம்பியரைக் கூட்டிப் பாருங்கள். பிஎஸ்5 விளையாடும்போது 200 வாட் அளவில் இழுக்கும். அதற்கும் டிவிக்கும் 650 விஏ யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும், ஒழுங்காகச் சேவ் செய்து நிறுத்த அது போதும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் வரும் காலம். செம்புத் தொலைபேசி வயரில் வரும் ஏடிஎஸ்எல் லயன் இன்னும் இருக்கும் வீடுகளில் மின்னலின் அதிர்ச்சி அந்த வயரால் ரவுட்டருக்குள் வந்து, லான் கேபிளால் கொன்சோலுக்குள் போகும். லான் போர்ட்டுக்குள் இருக்கும் காப்பு 1500 வோல்ட் வரைக்கும்தான். மின்னல் அதைப் பொருட்படுத்தாது. போர்ட் மட்டும் எரிந்து, கொன்சோல் ஓடிக்கொண்டே ‘லான் கேபிள் நொட் கனெக்டட்’ என்று காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பைபர் இழை மின்சாரம் கடத்தாது, ஆனால் தெருவிலிருந்து வரும் சில கேபிள்களில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி உண்டு, அடெப்டரும் சுவரில்தான் குத்தியிருக்கிறது. முதல் இடி கேட்டதும் பிளக்கைக் கழற்றுகிறவர்கள் லான் கேபிளை மறந்துவிடுகிறார்கள். அதையும் கொன்சோல் பக்கத்தில் கழற்றுங்கள்.